என் கை பட்ட வண்டி

எங்கள் ஊரில் நான் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே மனிதர் ஒரு நீதிபதிதான். மற்ற எல்லாருக்கும் கணக்குத் தெரியும். நான் பத்து என்றால் இரண்டு. நூறு என்றால் நான் அந்த இடத்திலேயே இல்லை.

என் பட்டப்பெயர் கயிறு. கயிறு திரிக்கிறவன் என்பதால் வந்தது. பட்டறை வைத்து வண்டி பழுது பார்த்தது நாற்பது வருஷம். 'இருபத்தொன்பது' என்பாள் வீட்டுக்காரி. எதையும் குறைத்துச் சொல்வது அவளுக்குப் பிறவி வியாதி. பட்டறையை மூடிவிட்டு ஓய்வெடுக்க ஆரம்பித்த பிறகு என் ஸ்பேனர்கள் எல்லாம் துருப்பிடித்துவிட்டன, நாக்கு மட்டும் பளபளவென்று இருக்கிறது. தினமும் காலையில் சலூனுக்குப் போய்விடுவேன். அங்கே வருகிறவர்கள் துணியைப் போர்த்திக்கொண்டு, கழுத்தருகே கத்தியோடு உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து ஓட முடியாத ரசிகர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

அந்தச் சலூனில் நான் அதிகம் சொன்னது, கோர்ட்டில் சாட்சி சொன்ன கதையைத்தான். முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அன்றைக்கும் எழுந்து நின்று, காலி நாற்காலியின் முதுகைச் சாட்சிக் கூண்டாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"வக்கீல் என்னைப் பார்த்துக் கேட்டாரு, 'நீங்க பார்த்த வண்டி ஸ்டார்ட் ஆகாம போனது உண்டா?'ன்னு. நான் சொன்னேன், 'ஐயா, நாப்பது வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன். என் கை பட்ட வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னு சரித்திரமே கிடையாது. செத்த வண்டியைக் கொண்டு வந்து நிறுத்துங்க, எழுந்து உக்காந்து இருமும்!' அவ்வளவுதான், கோர்ட்டே குலுங்குச்சு. ஜட்ஜ் சிரிச்ச சிரிப்புல நாற்காலி சாஞ்சு, மனுஷன் மல்லாக்க..."

"போன வாரம் அவர் கண்ணாடிதானே விழுந்துச்சு?" என்றார் சலூன்காரர், கத்தரியை நிறுத்தாமல். "இன்னைக்கு ஆளே விழுந்துட்டாரா?"

"கண்ணாடியை எடுக்கக் குனிஞ்சாரு. அதுல விழுந்தாரு."

நாற்காலியில் இருந்த தபால்காரர் சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை வாய்க்குள் போய்விட்டது. அவர் துப்பி முடிப்பதற்குள் நான் வாசலைப் பார்த்துவிட்டேன். ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை, கையில் ஒரு காகித உறை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"முடிச்சிட்டீங்களா அண்ணே? இல்ல, மிச்சம் இருக்கா?" என்றாள்.

ஆமை டிரைவரின் மனைவி.

ஆமை டிரைவர் ஒரு சலவை நிறுவனத்தின் வேன் ஓட்டியவர். ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு அவர் போகும் வேகத்தில், ஈரத்துணி போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள். இந்த நையாண்டியெல்லாம் நான் கிளப்பிவிட்டதுதான். பட்டப்பெயரும் நான் வைத்ததுதான்.

ஒரு நாள் பிற்பகல் அவருடைய மனைவியின் தம்பி வழியில் வேனை மறித்து ஏறினான். "மாமா, மண்டையை உடைக்கிற தலைவலி. மருந்துக்கடையில ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க" என்றான். நிறுத்தினார். தம்பி உள்ளே போய்த் தூக்க மாத்திரைப் பெட்டிகளை அள்ளினான். மருந்துக்கடைப் பெரியவர் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் தள்ளினான். வாசலருகே இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தில் பெரியவரின் பின்மண்டை மோதியது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

தம்பி ஓடி வந்து ஏறி, "போங்க மாமா, போங்க" என்று கத்தினான். ஆமை டிரைவர் இண்டிகேட்டர் போட்டார். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்காகக் காத்திருந்தார். பிறகு கிளம்பி, இருநூறு அடி தள்ளிச் சிவப்பு விளக்குக்கு நின்றார். அங்கேயே பிடித்துவிட்டார்கள். ஒரு உயிரைப் பறித்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிக்னலுக்கு நின்ற டிரைவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் இருப்பார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை; போலீஸ் எழுதிய காகிதத்தில் அப்படியே இருக்கிறது.

சட்டம் அப்போது இப்படி இருந்தது: கொள்ளையில் கூட்டுச் சேர்ந்தவன் எவனோ, அந்தக் கொள்ளையில் யார் செத்தாலும் அவன் கொலைகாரன். தள்ளினவனும் கொலைகாரன்; வெளியே உட்கார்ந்து கொட்டாவி விட்டவனும் கொலைகாரன். கால் கொலை, அரைக் கொலை என்ற பங்கெல்லாம் கிடையாது, ஆளுக்கு முழுசாக ஒன்று. ஆகவே கோர்ட் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திருடத்தான் போகிறான் என்று ஆமை டிரைவருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?

தெரியும் என்று காட்ட இரண்டு விஷயங்கள் இருந்தன. முதலாவது, தம்பியின் வாய். குற்றத்தை ஒப்புக்கொண்டு 'மாமாவுக்கும் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்தால் தண்டனை குறையும் என்றார்கள், சேர்த்தான். இரண்டாவது, வேனின் இன்ஜின். தம்பி கடைக்குள் இருந்த நேரம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்தது. தப்பி ஓடத் தயாராக இல்லாதவன் எதற்காக இன்ஜினை ஓடவிட வேண்டும்?

மருந்துக்கடைக்கு எதிர்ச் சாரியில்தான் என் பட்டறை. என்னைக் கூப்பிட்டார்கள். "இன்ஜின் ஓடியதா?" என்று அரசு வக்கீல் கேட்டார். "புலி மாதிரி உறுமிக்கிட்டு நின்னுதுங்க" என்றேன். உண்மையில் அது சளி பிடித்த பூனை மாதிரி முனகிக்கொண்டிருந்தது.

அடுத்து ஆமை டிரைவரின் வக்கீல் எழுந்தார். வேனின் செல்ஃப் மோட்டார் பழுது. ஓடிச் சூடான பிறகு அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அதனால் எங்கே நிறுத்தினாலும் அணைக்காதே என்று மெக்கானிக்தான் சொன்னார் என்கிறார் என் கட்சிக்காரர். சொன்னீர்களா?

அதற்குத்தான் நான் அந்தச் 'சரித்திரமே கிடையாது' வசனத்தை எடுத்துவிட்டேன். சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி கேட்டார்: "அப்படின்னா சொல்லலையா?"

"அப்படியொரு பேச்சே என் வாயில வராதுங்க."

போலீஸ் வேனைச் சோதித்தபோது அது பத்து நாள் நின்று ஆறிப்போயிருந்தது. ஒரே திருகில் கிளம்பி என் பேச்சுக்கு ஒத்து ஊதியது. ஆமை டிரைவருக்கு ஆயுள் தண்டனை. தள்ளின தம்பிக்கு ஒன்பது வருஷம். நல்லபடியாக நடந்துகொண்டான் என்று ஆறிலேயே விட்டுவிட்டார்கள்.

சலூன் வாசலில் நின்று அவர் மனைவி விஷயத்தைச் சொன்னாள். சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம். தன் கையால் கொல்லாமல், நடக்கப் போவதும் முன்பே தெரியாமல் மாட்டியவர்கள் திரும்ப விண்ணப்பம் போடலாமாம்.

"இன்ஜின் விஷயம் உடைஞ்சாத்தான் வழின்னு வக்கீலம்மா சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா போதும்."

"என்னன்னு எழுத?"

"நடந்ததைத்தான்."

"அது ஆச்சேம்மா ஒரு யுகம். எனக்குக் காலையில என்ன சாப்பிட்டேன்னே ஞாபகம் இல்ல."

"இப்ப உள்ளே வார்த்தைக்கு வார்த்தை சொல்லிட்டிருந்தீங்களே அண்ணே" என்றாள். குரலில் சூடே இல்லை. சூடு இருந்திருந்தால் நானும் கொஞ்சம் எகிறியிருப்பேன்.

"உன் தம்பி மாத்திச் சொல்ல மாட்டானா?"

"வந்தான். வாசல்ல நின்னு அழுதான். 'மாத்தினா என்னைத் திரும்ப உள்ளே போட்ருவாங்கக்கா'ன்னான். கதவைச் சாத்திட்டேன்."

உறையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பின்னால் தபால்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம் ஜட்ஜ் எழுந்தாரா இல்லையா?" என்று கேட்டார். நான் செருப்பைத் தேடினேன்.

வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையில் இருந்த வக்கீலம்மாவின் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் படித்தாள்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"எதை?"

"'வண்டியை அணைக்காதே'ன்னு."

"ஆயிரம் பேருக்கு ஆயிரம் சொல்றேன். எதைன்னு..."

"செவ்வாய்க்கிழமை. நான் சாப்பாட்டு டப்பாவை வெச்சுக்கிட்டு உங்க பக்கத்துலதான் நின்னேன். 'செல்ஃப் மோட்டார்ல கார்பன் தேஞ்சு போச்சு, சாமான் வர ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் அணைக்காதே. அணைச்சேன்னா தள்ளுறதுக்கு நாலு பேரையும் மூட்டையோட மூட்டையா ஏத்திக்கிட்டுத்தான் போகணும்'னீங்க. அவர் சிரிச்சாரு."

எனக்குக் காது சுட்டது. "தெரிஞ்சவ நீ ஏன் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல?"

"என்னை யாரும் கேட்கல" என்றாள். கொஞ்ச நேரம் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள். "கேட்காட்டி என்ன, போய்ச் சொல்லியிருக்கலாம். புருஷன் மானம்னு இருந்துட்டேன். அந்தப் பழைய சட்டப்படி பார்த்தா நீங்களும் நானும் எப்பவோ உள்ளே போயிருக்கணும். வண்டியில உக்காந்திருந்தவர் உள்ளே. வண்டியை அணைக்காதேன்னு சொன்னவர் சலூன்ல."

கூண்டில் நின்றபோது எனக்கு ஞாபகம் இருந்ததா? இருந்தது. மங்கலாக அல்ல, தெளிவாகவே; வேனின் மூடி திறந்திருந்தது, என் கட்டைவிரலில் கிரீஸ் இருந்தது எல்லாமே ஞாபகம் இருந்தது. ஆனால் கோர்ட்டில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். அவர்கள் முன்னால், ஒரு செல்ஃப் மோட்டாரைச் சரி செய்யாமல் வண்டியை வெளியே அனுப்பினேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆமை டிரைவரைப் பற்றியே நினைக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

மறுநாள் வக்கீலம்மாவின் அலுவலகத்துக்குப் போனேன். ஒரு நகல் எடுக்கும் கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேஜை நடுங்கியது. எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டாமல் சொல்வதற்கு எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

"பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே கேஸ் போடலாம்" என்றார் அவர்.

"போடட்டும்."

"அதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. உங்களை யாரும் நம்ப மாட்டாங்க. உங்க தெருவுல விசாரிச்சுப் பார்த்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"உங்க பேரைச் சொன்னேன். 'யாரு, கயிறா?'ன்னு கேட்டாங்க." பேனாவை மூடினார். "உங்க சொல் மட்டும் நிக்காதுங்க. வேற யாருக்காவது இதே மாதிரி 'அணைக்காதீங்க'ன்னு சொல்லி அனுப்பியிருக்கீங்களா? அது உங்க வழக்கம்னு காட்ட முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என் தொழிலே அதுதான். உதிரி சாமான் வாங்கி அடுக்கி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. யார் எந்தக் கோளாறோடு வந்தாலும் மூடியைத் திறந்து, உச்சுக் கொட்டி, 'சாமான் வரணும், ரெண்டு வாரம், அதுவரைக்கும் அணைக்காதீங்க' என்பேன். அந்த வைத்தியத்தில்தான் என் பட்டறை ஓடியது.

ஆக, என் கை பட்டு ஸ்டார்ட் ஆகாத வண்டிகளின் சொந்தக்காரர்களைத் தேடி நானே கிளம்பினேன். பட்டியல் போடச் சொல்லி வீட்டுக்காரியைக் கேட்டேன். அவள் மூச்சு விடாமல் சொன்னாள். தாளின் ஒரு பக்கம் நிரம்பி, மறு பக்கமும் நிரம்பியபோது, "போதும்டி" என்று நான் கெஞ்சினேன்.

முதலில் கணக்கு டீச்சர் வீடு. அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"நீங்க மோசமான மெக்கானிக்குன்னு நான் கோர்ட்ல வந்து சொல்லணுமா?"

"ஆமா டீச்சர்."

"எவ்வளவு நேரம் கொடுப்பாங்க?"

அவர் காரும் இதே கதைதான். நான் சொன்ன சொல்லைத் தட்டாமல், தன் சொந்தப் பதிவுத் திருமணத்தன்று, அலுவலக வாசலில் காரை அணைக்காமல் விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் யாரோ அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் நாளே புருஷனோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கிறார். இது எனக்குத் தெரியவே தெரியாது. கார் போன பிறகு அவர் என் பட்டறைப் பக்கம் வரவே இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அமரர் ஊர்தி ஓட்டுபவரைத் தேடிப் போனபோது அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "வரேன்" என்றார் உடனே. "நீங்க சொன்னபடி அணைக்காமத்தான் வெச்சிருந்தேன், அன்னைக்குப் பாதி வழியில தானா நின்னுச்சே, துக்கத்துக்கு வந்தவங்க அத்தனை பேரும் சட்டைக் கையை மடிச்சுவிட்டுத் தள்ளினாங்க. படுத்திருந்தவர் ஒருத்தர்தான் இறங்கல. அவருக்கும் இறங்கணும்னுதான் தோணியிருக்கும்."

பல் டாக்டர் வந்தார். ரொட்டிக் கடைக்காரர் வந்தார். சலூன்காரர், "ஏங்க, என் ஸ்கூட்டரை விட்டுட்டீங்களே" என்று கோபித்துக்கொண்டு தானாக வந்தார். வக்கீலம்மா மூன்று பேர் போதும் என்றார். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் சொன்னது பொய்னு நீங்க சொல்லணும்." முதல் வீட்டில் அதைச் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒன்பதாவது வீட்டிலும் அப்படித்தான். பழகவில்லை.

விசாரணை நாளில் ஆமை டிரைவரை அழைத்து வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தும்போது அசைப்பாரே, அப்படி.

அரசு வக்கீல் என்னைச் சும்மா விடவில்லை. "இதே கூண்டில் நின்று ஒன்று சொன்னீர்கள். இன்று வேறொன்று சொல்கிறீர்கள். எது பொய்?"

"முதல்ல சொன்னதுங்க."

"இது பொய்யில்லை என்று எப்படி நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "அவங்களைக் கேளுங்க."

அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்தார்களோ! கணக்கு டீச்சர் தேதி, மணி, நிமிஷத்தோடு சொன்னார். பல் டாக்டர், என்னைப் போல் தானும் வைத்தியம் பார்த்திருந்தால் ஊரில் ஒருவருக்கும் பல் இருக்காது என்றார். அமரர் ஊர்திக்காரர் தள்ளின கதையைச் சொன்னபோது நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். பின் வரிசையில் யாரோ வெடித்துச் சிரிக்க, அரை நிமிஷத்தில் அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆமாம், நானும்தான். என் உடம்பே அப்படி. சிரிப்புச் சத்தம் கேட்டால் அது என் சாமர்த்தியம் என்று நெஞ்சு விரிந்துவிடும்.

அப்போது முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். மருந்துக்கடைப் பெரியவரின் மகள். அப்போதெல்லாம் கடையில் பெரியவர் என் ரத்த அழுத்த மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் சரியாக வெட்டித் தரும்போது, பின்னால் நின்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

"இது எங்கப்பா செத்த கேசு" என்றாள். குரல் நடுங்கவில்லை. "ரெண்டாவது தடவையா சிரிக்கிறீங்க. போன தடவையும் இவர்தான் சிரிக்க வெச்சாரு. நான் இதே இடத்துலதான் உக்காந்திருந்தேன்."

நீதிபதி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அந்த டிரைவர் எங்கப்பாவைத் தொடக்கூட இல்ல. அவரை விடறதுன்னா விடுங்க, நான் வேண்டாங்கல. சிரிக்காம விடுங்க."

உட்கார்ந்தாள். அந்த அறையில் யார் முகத்தைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து என் காலையும் பார்க்க முடியவில்லை. செருப்பு புதுசு, கோர்ட்டுக்கு என்று போட்டுக்கொண்டு வந்தது.

நீதிபதி என்னைத் திரும்பக் கூண்டில் ஏறச் சொன்னார். அவரே கேட்டார்.

"முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெட்கமா இருந்ததுங்க."

"எதுக்கு?"

"செல்ஃப் மோட்டாரைச் சரி பண்ணாம அனுப்பிட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கு."

"அது ஒரு நாள் வெட்கம். அப்புறம் இவ்வளவு வருஷம்?"

இதற்கு வக்கீலம்மா எனக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "எல்லாரும் சிரிச்சாங்க" என்றேன். "நல்ல கதையாயிடுச்சுங்க. அதை விட மனசு வரல."

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வக்கீலம்மா போனில் படித்துக் காட்டினார். 'இந்தச் சாட்சியின் சொல்லை எந்த விஷயத்திலும் நம்புவதற்கில்லை. ஆனால் இவரை நம்பி இன்ஜினை அணைக்காமல் விட்டதாகச் சொல்லும் ஒன்பது பேரையும் இந்த நீதிமன்றம் முழுமையாக நம்புகிறது.' இன்ஜின் ஓடியதில் குற்றம் காண முடியாது, சலுகைக்காகத் தம்பி சொன்ன ஒற்றை வரி தனியாக நிற்காது, கொலைக் குற்றத்துக்கான தண்டனை ரத்து. என் மேல் வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது என்றும் ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டு நான் நிம்மதியடைந்திருக்க வேண்டும். ஏதோ வரிசையில் நின்று நின்று, என் முறை வரும்போது ஜன்னலை மூடிவிட்ட மாதிரி இருந்தது.

சலூனில் எனக்காகக் காலி நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். "ஒன்பது பேரை எப்படிப் பிடிச்சீங்க? சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் தபால்காரர். கதைக்கு என்ன குறை? டீச்சரின் கல்யாணம் இருக்கிறது, அமரர் ஊர்தி இருக்கிறது. வாயைத் திறந்தேன். மருந்துக்கடைக்காரரின் மகள் என் கண்ணுக்குள் முதல் வரிசையில் எழுந்து நின்றாள். "தலைமுடி வெட்டத்தான் வந்தேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

விடுதலையான இருபதாவது நாள் காலையில் ஆமை டிரைவர் என் வீட்டுக்கு வந்தார். தனியாக, நடந்து. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரி டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவருகே நின்றாள்.

"எனக்கு டிரைவர் வேலை திரும்பத் தர்றாங்களாம் அண்ணே. நன்னடத்தைக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் கையெழுத்து வேணுமாம்" என்றார். "சலூன்காரர் ஒண்ணு போட்டாரு. உங்ககிட்ட..."

"என்கிட்டயா?"

"கேட்டுப் பார்க்கலாம்னு அவ சொன்னா. எனக்கு வேற யாரையும் தெரியல. உள்ளே இருந்ததுல எல்லார் பழக்கமும் விட்டுப் போச்சு."

பேனாவை எடுத்தேன். "என் கையெழுத்தை யாரு நம்புவா?" என்றேன், வேடிக்கையாகச் சொல்ல நினைத்து. அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அடக்க முடியவில்லை.

"என்னால உனக்குப் பதினோரு வருஷம் போச்சேப்பா."

"பத்து வருஷம், ஒன்பது மாசம், நாலு நாள்."

"அதான், கிட்டத்தட்ட பதினொண்ணு..."

"கிட்டத்தட்ட இல்லண்ணே." முதல் முறையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார். கோபம் இல்லை, அளவு தவறிய துணியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒரு நிதானம். "ஒவ்வொரு நாளா எண்ணினது. கூட்டிச் சொல்லாதீங்க."

கதவருகே வீட்டுக்காரி அசையவில்லை. நான் அவர் சொன்னபடியே, மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். வருஷத்தைச் சொன்னேன், மாசத்தைச் சொன்னேன். நாலு நாளையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, அவர் டீயை எடுத்தார்.